இரும்புக்கை மாயாவிக்கு எத்தனை பிளாக்? அருணை நகரத்துப் பொம்மைக் கட்டுமானம் பற்றி ஒரு முதற்கட்ட ஆய்வு

இவ்வாய்வின் நான்கெல்லை வருமாறு: கிழக்கே ராஜகோபுரம், தெற்கே திருமஞ்சன கோபுரம், மேற்கே பேய்க் கோபுரம், வடக்கே அம்மணி அம்மன் கோபுரம். மேலெல்லையும் கீழெல்லையும் குறிக்கப்படவில்லை. திருவண்ணாமலை என்னும் இந்த ஊரில் அவற்றை அளக்கப் புறப்பட்ட இருவரில் ஒருவர் பன்றியாகி மண்ணைத் தோண்டிக் களைத்துத் திரும்பினார். மற்றவர் அன்னமாகிப் பறந்து, தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு அழைத்து வந்து, கோயில் இல்லாத சாமியாகிப் போனார். தாழம்பூவும் அன்றோடு சிவபூஜையிலிருந்து நீக்கப்பட்டது. தரவைத் திரித்தவருக்கும் அதற்கு உடந்தையாக இருந்தவருக்கும் இவ்வளவு கடுமையான தண்டனை எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடையாது என்பதால், இவ்வாய்வாளர் தம் கைக்கு எட்டிய தரவோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆய்வுப் பொருளை வரையறுத்துவிடுவோம். காமிக்ஸ் புத்தகத்தில் வரும் சூப்பர் ஹீரோ ஒருவரை, பிளாஸ்டிக் பிளாக்குகளைக் கொண்டு, ரசிகர் தம் சொந்தப் புத்தியில் கட்டுவதே இங்கு பேசப்படுவது. இத்துறையில் ஊறியவர்கள் உலகெங்கும் இதை 'மாக்' என்கிறார்கள். பெட்டியோடு வரும் படப்புத்தகத்தைப் பார்த்து ஒன்றாம் பக்கத்திலிருந்து வரிசையாக அடுக்குவது இதில் சேராது. அதற்குக் கீழ்ப்படிதல் என்று வேறு பெயர் உண்டு. பசை தடவுவது, கத்தியால் செதுக்குவது, பெயின்ட் அடிப்பது மூன்றும் இத்துறையின் ஆசாரவாதிகளுக்கு ஆகாதவை. ஆனால் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு பிளாக் சிற்பியான அமெரிக்கர் நேதன் சவாயா, சூப்பர்மேன் பேட்மேன் முதலியோரைப் பெரிது பெரிதாகக் கட்டிக் கண்காட்சி வைத்தவர், பசை போட்டே ஒட்டுகிறார். வடகலை தென்கலை எந்தத் துறையில்தான் இல்லை.

நம் முதன்மைத் தகவலாளி தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் வசிக்கிறார். வயது எட்டு. இவ்வாய்வாளருக்கு அக்கா மகன் முறை. கையில் பிளாக் இல்லாத நேரத்தில் மட்டுமே பேட்டிக்கு இணங்குவார். அப்படிப்பட்ட நேரம் சாப்பாட்டு வேளையில் வரும், அப்போது வாயில் சோறு இருக்கும். அவரிடமுள்ள பிளாக்குகள், கிரிவலக் கூட்டத்துக்காகப் போடும் பௌர்ணமிக் கடையில் டப்பாவாக வாங்கியவை. டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் படத்தில் ஒருவர் சூப்பர்மேனின் அங்கியை அணிந்து, ஸ்பைடர்மேனின் முகமூடியைப் போட்டு, பச்சை நிறத்தில் பறக்கிறார். ஒப்பிலக்கியத் துறையினர் கவனிக்க.

பிளாக்கின் பூர்வோத்தரம் நீளமானது, சுருக்கிவிடலாம். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-ல் மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். அவருடைய லெகோ கம்பெனி 1949-ல் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் கட்டிகள், ஹிலாரி பேஜ் என்ற ஆங்கிலேயரின் 'கிடிகிராஃப்ட்' கட்டிகளைப் பார்த்துச் செய்தவை. ஆக, ரசிகர் கைவேலை என்பது இத்துறையில் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதல்ல, தொடக்கமே அதுதான். மேலே குமிழ், உள்ளே குழாய் என்ற இன்றைய அமைப்புக்கு 1958-ல் காப்புரிமை கோரினார்கள். அந்த ஆண்டுக் கட்டியும் இந்த ஆண்டுக் கட்டியும் இன்றும் ஒன்றோடொன்று பொருந்தும். சம்பந்தி வீட்டாரிடையே இந்த அளவு பொருத்தம் அரிது. கட்டியின் வடிவத்தை வணிகச்சின்னமாகப் பூட்டி வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்துவிட்டதால், பௌர்ணமிக் கடை டப்பா பற்றி யாரும் மனம் குழம்ப வேண்டாம். டப்பாவின் மேல் பறக்கும் அந்தப் பச்சை மனிதரைப் பற்றித் தீர்ப்பில் எதுவும் இல்லை.

தகவலாளியின் வழக்கில் குமிழுக்குப் 'புள்ளி' என்று பெயர். எட்டுப் புள்ளி பிளாக், நாலு புள்ளி பிளாக், ஒத்தப் புள்ளி பிளாக். வாசலில் தினமும் கோலம் விழும் தெருவில் வேறு எப்படிச் சொல்வார்கள்? ஒரே நிற எட்டுப் புள்ளி பிளாக்குகள் இரண்டை 24 விதமாகப் பொருத்தலாம். ஆறு இருந்தால் 91,51,03,765 விதம் என்று சோரென் ஐலர்ஸ் என்ற டென்மார்க் கணிதப் பேராசிரியர் கணக்கிட்டிருக்கிறார். கள ஆய்வு இதை உறுதி செய்யவில்லை. நம் தகவலாளி ஆறு பிளாக்கை எந்த விதமாகப் பொருத்தினாலும் அது துப்பாக்கியாகவே முடிகிறது.

இப்போது ராஜகோபுரத்தடிக்குப் போய்க் கழுத்தை நிமிர்த்துவோம். பதினொரு நிலை, 217 அடி. கீழே கல்லால் ஆன அடித்தளம். அதற்கு மேலே போவதெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்பும் சுதையும். முழுக்கக் கருங்கல்லாக ஏற்றினால் அடித்தளம் தாங்காது, மேஸ்திரியின் இடுப்பும் தாங்காது. ஆகவே மேலே போகப்போக ஒவ்வொரு நிலையையும் சிறுத்துக்கொண்டு செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சுதையால் உருவங்களைச் செய்து நிறுத்தி, வண்ணம் தீட்டினார்கள். நாலு கை, ஆறு முகம், கையில் ஆயுதம், காலடியில் வாகனம், சிலருக்கு நெற்றியில் நெருப்பு. செங்கல்லைக் கொண்டு அசாதாரண ஆற்றல் படைத்தோரை உருவாக்கும் கலை பில்லுண்டில் பிறந்தது என்று நம்புகிறவர்கள் ஒரு தடவை திருவண்ணாமலைக்குப் பேருந்து ஏறினால் போதும்.

இந்தக் கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சை செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்பது வரலாறு. தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர் என்ற இந்த மரபு பிளாக் உலகில் அப்படியே நிலைத்திருக்கிறது. மகன் மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறான், அப்பா இரவு பதினொன்றரைக்கு முடிக்கிறார். கல்வெட்டு மட்டும் மகன் பெயரில்.

ஆனால் நம் ஆய்வுக்கு ராஜகோபுரத்தைவிட வடக்குக் கோபுரமே முக்கியம். ராயரும் நாயக்கரும் ஆட்சியாளர்கள். அவர்கள் கட்டியது, கம்பெனி வெளியீடு. வடக்கே 171 அடி உயரத்தில் நிற்பதோ அம்மணி அம்மாள் என்ற துறவிப் பெண் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டிக் கட்டியது. இல்லை என்று கைவிரித்தவரிடம், வீட்டில் எந்த இடத்தில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று அவரே சொல்லிவிடுவாராம். கையில் பணம் தீர்ந்தபோது கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் கூலியாகத் திருநீற்றை அள்ளிக் கொடுத்தார், வீட்டுக்குப் போய் மடியைப் பிரித்துப் பார்த்தால் அவரவர் வேலைக்கு ஏற்ற காசாக இருந்தது என்று ஊர் சொல்கிறது. சுவரை ஊடுருவிப் பார்க்கும் பார்வை சூப்பர்மேனுக்கு உண்டு. அதைக் கொண்டு அவர் ஒரு தடவையாவது நன்கொடை வசூலித்ததாக எந்தக் காமிக்ஸிலும் இல்லை. அரசு ஆணையில்லாமல், படப்புத்தகம் இல்லாமல், தாம் நேசித்த ஒருவருக்காகத் தாமே முன்னின்று செங்கல் அடுக்கியவர் என்ற இலக்கணப்படி, அம்மணி அம்மாளை இத்துறையின் ஆதி கட்டுநராக இவ்வாய்வு முன்மொழிகிறது.

முன்னுரிமைக் கோரிக்கைகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. உயரத்திலிருந்து விழுகிறவரைக் கீழே ஏந்திப் பிடிப்பது சூப்பர்மேனின் முத்திரைக் காட்சி. 1978-ல் வந்த படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் அப்படித்தான் லோயிஸ் லேனைப் பிடித்தார். வாழ்க்கை வெறுத்து வல்லாள கோபுரத்தின் மேலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் ஏந்திக்கொண்டது 15-ஆம் நூற்றாண்டு. பிடித்ததோடு விடாமல் பாடவும் பணித்தார், இது கூடுதல் சேவை. அதே கதையில் பரம எதிரி ஒருவரும் உண்டு: சம்பந்தாண்டான். அவருடைய சூழ்ச்சியால் அருணகிரியார் பாரிஜாதம் கொண்டுவரக் கிளியின் உடலில் புகுந்து பறந்தார். போன சமயம் பார்த்து இவர் விட்டுவிட்டுப் போன உடலை எரித்துவிட்டார்கள். இவ்வூர்க் கோயிலின் கிளிக் கோபுரத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணம் இது. எதிரி, சவால், உருமாற்றம், துரோகம், திரும்ப முடியாத இழப்பு. நியூயார்க்கில் ஒரு கதை இலாகா முழுக்க உட்கார்ந்து ஆறு மாதம் யோசித்தாலும் இதற்குமேல் என்ன செய்துவிடப் போகிறார்கள்?

இரண்டாவது கோரிக்கை விளக்கு சம்பந்தப்பட்டது. பேட்மேனின் காதம் நகரில் ஆபத்து என்றால் மேகத்தில் வௌவால் வடிவ வெளிச்சம் பாய்ச்சுவார்கள். இது காமிக்ஸில் முதலில் வந்தது 1942-ல். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரே ஒருவர் வருவார், அவரும் முகத்தை மூடிக்கொண்டு வருவார். கார்த்திகை தீபத்தன்று 2668 அடி மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றும் வெளிச்சத்தைப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் வருகிறார்கள், முகத்தை நிமிர்த்திக்கொண்டு வருகிறார்கள். வேறுபாடு எண்ணிக்கையில் மட்டுமில்லை. அங்கே வெளிச்சம், வரப்போகிறவருக்கு விடும் தாக்கீது. இங்கே வெளிச்சமே வந்துவிட்டவர்.

அளவு விகிதத்துக்கு வருவோம், ஏனென்றால் ஆய்வு என்றால் ஒரு பகுதியிலாவது கணக்கு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். 1978-ல் வெளிவந்த லெகோவின் சிறு மனிதர் நான்கு சென்டிமீட்டர் உயரம். அவரை ஐந்தடி ஏழங்குல ஆள் என்று வைத்துக்கொண்டால், நாற்பத்திரண்டரையில் ஒரு பங்கு. இந்தக் கணக்கில் ராஜகோபுரம் ஐந்தடியும் சொச்சமும்; பிளாக் ஒன்று 9.6 மில்லிமீட்டர் உயரம் என்பதால் 162 வரிசை. இதை ஒரு கூடத்தில் கட்டிவிடலாம், மின்விசிறியை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை 330 மீட்டருக்குச் சுருங்கும். ஒரு முழுத் தெருவே வேண்டும், தெருக்காரர்கள் வண்டியை எடுத்து உதவ வேண்டும். மலை 63 அடி வரும், ஆறு மாடிக் கட்டடத்து உயரம். வீட்டு உரிமையாளரிடம் இதை எப்படித் தொடங்குவது என்று தெரியாததால் ஆய்வின் இப்பகுதி காகிதத்தோடு நிற்கிறது.

தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: தாங்கும். 2012-ல் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நாலு புள்ளி பிளாக் ஒன்றை இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தார்கள். சுமார் 430 கிலோ பாரம் ஏறிய பிறகே அது நசுங்கியது. அதாவது ஒற்றை பிளாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றரை கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கினாலும் அடியிலிருப்பது அசராது. நம் மலையைப் போல் நான்கு மலை. பிரமனுக்கு இந்த விவரம் முன்பே தெரிந்திருந்தால் அன்னமாகப் பறந்திருக்க மாட்டார், அடுக்கியிருப்பார். முடிவு வேறாக இருந்திருக்காது, தாழம்பூவாவது தப்பித்திருக்கும்.

பிளாக்கின் இந்த உறுதிக்கு வீட்டிலேயே சான்று கிடைத்தது. தகவலாளியின் பாட்டி பௌர்ணமிதோறும் வெறுங்காலில் மலை சுற்றுகிறவர். கல், முள், கொதிக்கும் தார் எதுவும் அவர் நடையைத் தடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் ஒரு பின்னிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து, சமையலறை வாசலில் கிடந்த ஒற்றைப் புள்ளி பிளாக்கை மிதித்தார். "அண்ணாமலையாரே!" என்று அவர் கூவியதைத் தெருவே கேட்டது. அஷ்ட லிங்கங்களையும் சுற்றி வரும் வழியில் அத்தனை உருக்கத்தோடு அவர் ஒரு தடவையும் அழைத்ததில்லை என்று உடன் போகிறவர்கள் தெரிவிக்கிறார்கள்.

இனி ஆய்வின் நடுப்பகுதி. சூப்பர் ஹீரோவை பிளாக்கில் கட்டுவதிலுள்ள சிக்கல் என்னவென்றால், பிளாக் சதுரம், ஹீரோ வளைவு. தோள், தொடை, காற்றில் அலையும் அங்கி எதற்கும் பிளாக் இடம் கொடுக்காது. இதைச் சமாளிக்கக் கைதேர்ந்த ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் சிறு துண்டுகளைக் கொண்டு, பக்கவாட்டில் குமிழ் திரும்பும்படி வைத்து, தசை நாரெல்லாம் தெரியக் கட்டுகிறார்கள். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். ஆனால் இவ்வாய்வாளரின் மதிப்பீட்டில் அவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். கோபுரத்து ஸ்தபதிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. பதினொன்றாம் நிலையில் இருக்கும் சுதை உருவத்தின் கண்ணையும் மூக்கையும் கீழே நிற்கிறவர் யார் பார்க்க முடியும்? மயில் தெரிந்தால் முருகன். தும்பிக்கை தெரிந்தால் பிள்ளையார். மீதியைப் பார்க்கிறவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுகிறார். பேட்மேனுக்கும் அப்படித்தான்: கறுப்பு பிளாக் ஒன்றின் மேல் இரண்டு கூர்முனை வைத்தால் தீர்ந்தது. சிவப்புக்குக் கீழே நீலம் வந்தால் ஒருவர், மஞ்சளும் சிவப்பும் என்றால் இன்னொருவர். சட்டித்தலையன் என்று தமிழ் வாசகர்கள் செல்லமாக அழைத்த ரோபோ ஆர்ச்சி பிறவியிலேயே பெட்டி வடிவம் என்பதால் அவரைக் கட்டுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கண்ணுக்குத் தெரிய வேண்டிய மிகக் குறைந்த அடையாளம் எது, அதை மட்டும் கட்டி நிறுத்தினால் போதும் என்ற இந்த நிலைப்பாட்டைக் 'குறைபிளாக் கோட்பாடு' என்று அழைப்போம். இதன் சிகரம் இரும்புக்கை மாயாவி.

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் இதழே இவர்தான். பிரிட்டனில் 1962 முதல் 'வேலியன்ட்' இதழில் வந்த தொடர். ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டேல் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். தமிழ்நாட்டில் இரண்டு தலைமுறை, பாடப்புத்தகத்துக்குள் வைத்துப் படித்த ஹீரோ. (2012 வாக்கில் இருந்த மின்வெட்டு நிலவரத்தில் மாயாவி நம் மாவட்டத்தில் பணியாற்றியிருந்தால் நாளின் பெரும்பகுதி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருந்திருப்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.) இவ்வாய்வாளர் தம் பழைய இதழ்களைத் தகவலாளிக்குப் படித்துக் காட்டினார். இது தரவில் ஆய்வாளரின் தலையீடு என்று புலவர்கள் குற்றம் சொல்லலாம். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு.

மறுநாள் தொலைக்காட்சி மேசையின் மேல் ஒரு கட்டுமானம் இருந்தது. உள்ளங்கைக்குச் சாம்பல் நிற எட்டுப் புள்ளி ஒன்று, மணிக்கட்டுக்கு நாலு புள்ளி ஒன்று, விரலுக்கு ஒத்தப் புள்ளி ஐந்து. ஆக ஏழு பிளாக்.

"கை நல்லா இருக்குடா. ஆள் எங்க?"

"மாமா, அவர் மறைஞ்சிட்டாரு. கதை நீங்கதான சொன்னீங்க?"

"சரி, நிக்கறாரா, உக்காந்திருக்காரா?"

"படுத்திருக்காரு. அவ்ளோ கரண்ட் அடிச்சா டயர்டா இருக்காதா?"

தசை நார் தெரியக் கட்டும் உலகக் கட்டுநர்கள் யாரும் இதுவரை தம் ஹீரோவின் அசதியைக் கட்டிக் காட்டியதாக இவ்வாய்வாளர் அறியவில்லை. விளைவுகளும் உடனே தென்பட்டன. கை இரண்டு அங்குலம். மனிதக் கைக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதப்படி ஆள் ஒன்றரை அடி. ஆகவே மேசையின் மேல் ஒன்றரை அடி இடம் மாயாவிக்கு ஒதுக்கப்பட்டது. அக்கா தெரியாமல் ரிமோட்டை அங்கே வைத்தபோது, "அம்மா, வயித்து மேல வைக்காத!" என்று ஒரு கூச்சல். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரிமோட், சாவிக்கொத்து, கேஸ் புத்தகம் எல்லாம் அவருடைய காலடிக்கு அப்பால் வைக்கப்படுகின்றன. விருந்தாளியாக வந்தவர்கள்கூட இரண்டாம் நாளே பழகிக்கொண்டார்கள். ஏழு பிளாக்கால் இவ்வளவு இடத்தைப் பிடித்த கட்டுமானம் வேறுண்டா?

உண்டு, இதே ஊரில். மலை சுற்றும் வழியில் ஓரமாகப் பார்த்தால் சின்னச் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருப்பார்கள். சொந்த வீடு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் அடுக்குவது. குமிழ் கிடையாது, குழாய் கிடையாது, பசையும் கிடையாது. ஆடு உரசினால் சரிந்துவிடும். ஆனால் மூன்று கல்லை வைத்தவர் கண்ணில் அது சமையலறை தென்கிழக்கில் வைத்த, தண்ணீர்க் கஷ்டம் இல்லாத, மாடிக்குத் தனிப் படி வைத்த வீடு. வங்கிக் கடன் உட்பட அதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. குறைபிளாக் கோட்பாட்டின் களச் சான்றாக இதைக் கொள்கிறோம். சிதம்பரத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்: திரையை விலக்கினால் வெட்டவெளியில் தங்க வில்வ மாலை மட்டும் தொங்குகிறது. அந்த மாலைக்கும் நம் ஏழு பிளாக் கைக்கும் இலக்கண ஒற்றுமை இருப்பதாக இவ்வாய்வாளர் சொன்னபோது பாட்டி எழுந்து போய்விட்டார். திருவண்ணாமலையிலோ மலையே லிங்கம் என்பதால் பிளாக் எண்ணிக்கை பூஜ்யம். கோட்பாடு இதற்குமேல் போக முடியாது. போனால் பன்றி, அன்னம் கதைதான்.

ரகசிய அடையாளம் பற்றியும் ஒரு வார்த்தை. பகலில் க்ளார்க் கென்ட், அவசரத்தில் சூப்பர்மேன். லெகோவின் சிறு மனிதர்கள் பலருக்குத் தலையின் முன்னும் பின்னும் இரண்டு முகம் அச்சிட்டிருக்கும். தலையைத் திருகி முடியை மாட்டினால் ஆள் மாறிவிடுவார். 'நான் யார்?' என்ற கேள்வியோடு உலகெங்குமிருந்து ரமணாசிரமத்துக்கு வந்து உட்கார்கிறவர்களுக்கு இந்த வசதி கிடையாது. தகவலாளியிடம் இக்கேள்வியை வைத்தபோது, "முடியக் கழட்டிப் பாருங்க மாமா, பின்னாடி இருக்கும்" என்றார். பதிவு செய்துகொண்டோம்.

நவராத்திரி வந்ததும் விவகாரம் கோட்பாட்டிலிருந்து நடைமுறைக்கு இறங்கியது. கொலுப்படிக்குச் சட்டம் உண்டு: கீழ்ப்படியில் ஓரறிவு உயிர்கள், பிறகு படிப்படியாகப் பூச்சி, விலங்கு, மனிதர், மகான்கள், உச்சியில் தெய்வங்கள். தகவலாளி தாம் கட்டிய சூப்பர் ஹீரோக்களைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். யாரை எந்தப் படியில் ஏற்றுவது? பேட்மேன் மனிதர், அதில் ஐயமில்லை. பணக்காரர் என்பதால் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஸ்பைடர்மேன் பாதி பூச்சி, பாதி மனிதர். நியாயப்படி இரண்டு படிக்கும் நடுவில் தொங்க வேண்டும், அதில் அவருக்கும் ஆட்சேபம் இருக்காது. சூப்பர்மேன் வேற்றுக் கிரகம், கொலுச் சட்டத்தில் அயல்நாட்டவருக்கே விதி இல்லை. ஹல்க் கோபம் வராத வரை மனிதர் படி, வந்தால் விலங்கு.

உண்மையான சிக்கல் தோர். அவர் வட ஐரோப்பியர் கும்பிட்ட இடிக் கடவுள். இடி, மின்னல், கையில் வஜ்ராயுதம் போல ஒரு சுத்தியல். கிரிவலப் பாதையில் முதல் லிங்கம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த இந்திரனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சட்டப்படி உச்சிப் படி. தகவலாளி இதை வாதாடினார், தாய்மாமன் ஆதாரங்களோடு வழிமொழிந்தார். பாட்டி தோரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமின்னா இவருக்கு என்ன நைவேத்யம்?"

யாரிடமும் பதில் இல்லை. இதுவரை வெளிவந்த தோர் ஆய்வுகளில் இக்கேள்வி எழுப்பப்பட்டிருக்கிறதா என்று இவ்வாய்வாளர் பின்னர் யோசித்துப் பார்த்தார்; நினைவுக்கு வரவில்லை.

"அப்ப கீழ பார்க்ல வை. செட்டியார் கடைக்கு ராத்திரி காவல் இருக்கட்டும்."

அவ்வாறே செய்யப்பட்டது. பருப்பு, அரிசி, வெல்லம் குவித்த கடைக்கு முன்னால் தோர் சுத்தியலோடு நின்றார், பக்கத்தில் பேட்மேன், வாசல் கதவுக்கு மேலே நூலில் ஸ்பைடர்மேன். ஒன்பது நாளும் கடையில் ஒரு மணி அரிசி திருடு போகவில்லை. சுண்டல் மட்டும் போயிற்று. மாயாவிக்கு இடம் ஒதுக்குவது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அவர் ஏற்கெனவே உச்சிப் படியில் கலசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாகவும், கையை மட்டும் பின்னால் மறைத்து வைத்திருப்பதாகவும் தகவலாளி அறிவித்தார். பாட்டி அந்த இடத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

விஜயதசமிக்கு மறுநாள் மண்பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள். பிளாக் ஹீரோக்களுக்கு அந்த மரியாதை கிடையாது. அன்று மாலையே அவர்கள் பிரிக்கப்பட்டு டப்பாவுக்குத் திரும்பினார்கள். ஏழு சாம்பல் பிளாக்கும் இப்போது ஜேசிபியின் முன்பக்க வாளியாக இருக்கின்றன. மஞ்சள் பிளாக் போதாமல் வண்டி பாதியில் நிற்கிறது. அடுத்த பௌர்ணமிக் கடைக்குப் பணம் யார் தருவது என்பதில் தகவலாளிக்கும் ஆய்வாளருக்கும் இடையே பேச்சுவார்த்தை நடந்துவருகிறது.